படப்பொறியும் பைந்தமிழ்ப் பெயரும்

திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயருக்குள் ஒரு காடு மறைந்து கிடக்கின்றது. திந்திரிணி என்பது வடமொழியில் புளியமரத்தைக் குறிக்கும் சொல். திந்திரிணி வனமே திண்டிவனம் ஆயிற்று என்பர். அவ்வூர்ச் சிவன் கோயில் இறைவனுக்கும் திந்திரிணீசுவரர் என்றே பெயர். புளியங்காடு என நாவினிக்க வழங்க வேண்டிய ஊர், வேற்றுமொழிப் பெயரைத் தலையிற் சுமந்து நிற்கின்றது. பெயரும் போயிற்று, அப்பெயருக்குரிய காடும் போயிற்று. இவ்விரண்டு இழப்பும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று கருதுவார் கருதுக. தன் மண்ணில் உள்ளதைத் தன் சொல்லால் அழைக்கும் பழக்கம் அற்றுப்போன மக்கள், அம்மண்ணில் உள்ளது அழியும்போதும் அறியமாட்டார் என்பதே உண்மை.

காடு போயினும் காட்டுயிர்கள் முற்றும் போய்விடவில்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட ஏரிக்கரைகளிலும் பனந்தோப்புகளிலும் கரம்புகளிலும் பாறைக்குன்றுகளிலும் இரவானால் நரி நடக்கின்றது. கீரியும் உடும்பும் பகலில் வேலியோரம் ஓடுகின்றன. முயலும் முள்ளம்பன்றியும் புனுகுப்பூனையும் மரநாயும் மாந்தர் உறங்கிய பின் இரை தேடிப் புறப்படுகின்றன. பொழுது புலர்ந்ததும் அவை நடந்த தடத்தின்மேல் மிதிவண்டியும் உழுவுந்தும் ஓடித் தடத்தை அழித்துவிடுகின்றன. அவை இருந்ததற்கும் சான்றில்லை. இல்லாமற் போவதற்கும் சான்றிராது.

பறவைகளின் நிலை அத்துணைத் தாழ்ந்ததன்று. வானூர், மரக்காணம் வட்டங்களிற் பரந்து கிடக்கும் கழுவெளி, 2021 திசம்பரில் 5,151 எக்டேர் பரப்புடன் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகசுட்டில் இராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. ஊசுடு ஏரியும் பறவைகள் புகலிடமே. பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் தொண்டர்கள் கூடிப் பறவைகளை எண்ணும் நல்வழக்கம் 2015 முதல் நடந்து வருகின்றது. பறவை பகலில் வரும், கூட்டமாக வரும், அழகாகவும் இருக்கும். அதனால் அதனை எண்ணுதற்கு ஆள் உண்டு. இரவில் தனித்து நடக்கும் நரியை எண்ணுதற்கு யார் உளர்?

இவ்விடத்தில்தான் தன்விருப்பத் தொண்டர்களும் படப்பொறியும் வேண்டப்படுகின்றனர். மரத்திலோ கல்லிலோ கட்டி வைத்துவிட்டால் ஆளின்றித் தானே படம் எடுக்கும் கருவியைக் 'கேமரா டிராப்' என்றே படித்தவர்கள் வழங்குகின்றனர். பொறி என்னும் தமிழ்ச்சொல்லைச் சற்றே எண்ணிப் பார்க்க. எலிப்பொறியில் அது கண்ணி; நீராவிப்பொறியில் அது இயங்கு கருவி; ஐம்பொறியில் அது புலனுக்கு வாயில். விலங்கைச் சிக்க வைப்பதும், தானே இயங்குவதும், கண்ணைப்போற் காண்பதும் ஆகிய முத்தொழிலும் செய்யும் இக்கருவிக்குப் படப்பொறி என்பதனினும் பொருத்தமான பெயர் எம்மொழியிற் கிடைக்கும்? சொல்லில்லை என்று கைவிரிப்பவர்க்குத் தேடிப் பார்க்கும் சோம்பல் உண்டே தவிர, மொழிக்கு வறுமை இல்லை.

அதன் இயக்கம் எளியது. உடற்சூடு உள்ள உயிர் ஒன்று முன்னே அசையும்போது, அதன் சூட்டுக்கும் சூழலின் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கருவி உணர்ந்து படத்தைப் பதிவு செய்கின்றது. இரவில் கண்ணைக் கூசச் செய்யாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்கொள்கின்றது. படத்தின் அடியில் நாளும் மணியும் விழுந்துவிடும். மின்கலமும் நினைவட்டையும் இருந்தாற் போதும். பல கிழமைகள் ஆளின்றிக் காத்திருக்கும். குறையும் உண்டு. கோடைப் பகலில் நிலத்தின் சூடு விலங்கின் உடற்சூட்டை நெருங்கும்போது கருவி ஏமாந்து போகும். காற்றில் ஆடும் புல்லைக் கண்டு வெற்றுப்படங்களை எடுத்துத் தள்ளும். புல்லை அரிந்து, வெயில் நேரே படாத பக்கம் பார்த்து, விலங்கின் உயரத்துக்கேற்ப வைக்கத் தெரிந்த கை வேண்டும்.

இக்கலை இந்தியாவுக்குப் புதியதன்று. 1920களில் வடக்கே காட்டு அலுவலராகப் பணியாற்றிய சாம்பியன் என்னும் ஆங்கிலேயர், புலி நடக்கும் தடத்திற் கம்பி கட்டி, அது கால் இடறியதும் ஒளி தெறித்துப் படம் விழுமாறு செய்தார். 1927இல் அப்படங்களை நூலாகவும் வெளியிட்டார். 1990களில் கருநாடகத்து நாகரகொளேயில் உல்லாசு காரந்து என்னும் அறிவியலர், ஒவ்வொரு புலியின் உடல்வரியும் மாந்தர் கைவரேகை போலத் தனித்தனி என்பதைக்கொண்டு, படங்களிலிருந்து புலிகளின் எண்ணிக்கையைக் கணிக்கும் முறையை நிலைநாட்டினார். 2018ஆம் ஆண்டின் இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களிற் படப்பொறிகள் வைக்கப்பட்டன. அவை எடுத்த படங்கள் 3,48,58,623. அவற்றுள் புலி இருந்தவை 76,651. சிறுத்தை இருந்தவை 51,777. தமிழகத்தில் அவ்வாண்டு 264 எனக் கணிக்கப்பட்ட புலிகள், 2022ஆம் ஆண்டுக் கணிப்பில் 306 ஆயின.

மூன்றரைக் கோடிப் படங்களைப் புலிக்காக எடுத்த நாட்டில், நரிக்காக எடுத்தவை எத்தனை? புலி வாழும் மேற்குத்தொடர்ச்சி மலைக்குப் பணமும் ஆளும் செல்கின்றன, செல்லட்டும், அதில் யார்க்கும் அழுக்காறு இல்லை. ஆயின் புலியில்லாத மாவட்டம் உயிரில்லாத மாவட்டம் அன்று. விழுப்புரம் மாவட்டத்தின் பக்கமலையும் செஞ்சிக் குன்றுகளும், கடலோரத்துக் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிற்காடும், கழுவெளியின் சேற்றுக்கரையும் அரசின் பெருங்கணக்குக்கு எட்டாத சிற்றிடங்கள். பெருந்துறை எட்டாத இடத்தை அவ்வூர் இளைஞரே எட்ட வேண்டும். சில ஆயிரம் உருவா விலையில் ஒரு படப்பொறி கிடைக்கும். ஒரு பள்ளியோ மன்றமோ இரண்டு மூன்று வாங்குதல் அரிதன்று.

பயிற்சியில்லாத பொதுமக்களால் இது கைகூடுமா என்று ஐயுறுவார் தான்சானியா நாட்டுச் செரங்கெட்டியை நோக்குக. அங்கே 2010 முதல் 1,125 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் 225 படப்பொறிகள் வைக்கப்பட்டன. குவிந்த படங்களைப் பார்த்து விலங்கின் பெயரைக் குறிக்கும் பணியை உலகெங்கும் உள்ள பொதுமக்களிடம் ஒப்படைத்தனர். பதிவு செய்துகொண்ட தொண்டர் மட்டும் 28,000 பேருக்கு மேல். ஒரே படத்தைப் பலர் பார்த்துச் சொன்ன விடைகளைத் தொகுத்து, வல்லுநர் விடையோடு ஒப்பிட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேற்பட்டவை சரியாக இருந்தன. நாற்பதுக்கு மேற்பட்ட விலங்கினங்களை ஆப்பிரிக்காவையே காணாத எளிய மக்கள் அடையாளங் கண்டனர் என்றால், தன் வீட்டுக் கோழியைக் கவர வரும் விலங்கைத் திண்டிவனத்துச் சிறுவன் அடையாளங் காணமாட்டானா?

காண்பான், ஐயமில்லை. கண்டதை எந்தப் பெயரால் எழுதுவான் என்பதே வினா. இன்று இத்தகைய பணிகளிற் பதிவுத்தாள், விலங்குப் பட்டியல், அறிக்கை ஆகியன பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைகின்றன. நரியைக் கண்ட தொண்டன் 'சாக்கல்' என்று எழுதுகின்றான்; உடும்பைக் கண்டு 'மானிட்டர்' என்கின்றான். அவன் பாட்டி ஐம்பது ஆண்டாக அழைத்த பெயர் அந்தத் தாளில் ஏறுவதில்லை. தாளில் ஏறாத சொல் அடுத்த தலைமுறையின் நாவிலும் ஏறாது. காட்டைக் காக்கும் துறையே வனத்துறை என்று பெயர் தாங்கி நிற்கும் நாட்டில், காட்டு விலங்குக்குத் தமிழ்ப்பெயரை எழுது என்று யார் சொல்வது?

தொல்காப்பியத்தின் மரபியலைப் புரட்டிப் பார்க்க. நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைக்குக் குருளை என்னும் பெயரை வகுத்து, நரிக்கும் அஃதே உரியது என ஆராய்ந்து சொல்கின்றது அந்நூல். கீரியைக் குறிக்கும் மூங்காவுக்கும், வெருகுக்கும், எலிக்கும், அணிலுக்கும் குட்டி என்னும் பெயரை வரைகின்றது. எந்த விலங்கின் இளமைக்கு எந்தப் பெயர் என்று இலக்கணத்திலேயே எழுதி வைத்த இனத்தின் வழிவந்தவன், இன்று படத்திற் குருளையைக் கண்டு பெயர் தெரியாமல் விழிக்கின்றான். ஆங்கிலத்தார் கீரியைச் சுட்டும் 'மங்கூசு' என்னும் சொல் மராத்தியின் வழியாகச் சென்றது. அதன் வேர் திரவிட மொழிகளில் உள்ளது என அவர்தம் அகரமுதலிகளே கூறுகின்றன. பெருச்சாளியைக் குறிக்கும் 'பாண்டிக்கூட்டு' தெலுங்கின் பந்திகொக்கு. தென்னாட்டிலிருந்து பெயரை எடுத்துச் சென்றவன் அதனை உலகெங்கும் வழங்குகின்றான். கொடுத்தவன் வீட்டில் அப்பெயருக்கு மதிப்பில்லை.

குறை பிறரிடம் மட்டும் இல்லை. மாலைப்பொழுதில் வெருகைக் கண்டு அஞ்சிய மனைக்கோழி தன் பார்ப்புகளைக் கூவியழைக்கும் காட்சியைக் குறுந்தொகை தீட்டுகின்றது. அப்பாட்டை வகுப்பில் நடத்தும் தமிழாசிரியர் வெருகு என்பதற்கு 'ஒருவகைப் பூனை' என்று பொருள் கூறிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றார். அவ்வொருவகை எவ்வகை? அது வீட்டுப்பூனையினும் காலுயர்ந்தது, வாலில் கருவளையம் உடையது, நாணற் புதர்களையும் ஏரிக்கரைகளையும் விரும்புவது. பள்ளிக்கு அண்மையில் உள்ள ஏரிக்கரையிலேயே அது நடமாடலாம். அதனை அவரும் கண்டதில்லை; மாணவரும் கண்டதில்லை. சங்கப் புலவர் கோழிக்கு அச்சம் வரும் பொழுதைக் கூடக் குறித்து வைத்தார். இன்று படப்பொறி அதே பொழுதை மணியோடும் மணித்துளியோடும் பதிந்து தருகின்றது. அப்படத்தையும் அப்பாட்டையும் ஒருங்கு வைத்துக் காட்டினால் மாணவன் வெருகை மறப்பானா? மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குவோர், தமிழ் எவ்வெவ்வுயிர்களுக்குப் பெயரிட்டதோ அவ்வுயிர்கள் வாழ்கின்றனவா என்றும் பார்த்தல் வேண்டும். பொருளழிந்த சொல் அகரமுதலியிற் கிடக்கும் பிணமே.

அறிவியலுக்கு உலகப் பொதுப்பெயர் வேண்டாவா என்பார் சிலர். வேண்டும். இலத்தீனப் பெயருக்கென்று ஒரு பத்தி ஒதுக்கி, அதனைத் தமிழெழுத்தில் எழுதுக. உலகத்தோடு ஒப்பிட அது பயன்படும். முதற்பத்தி தமிழ்ப்பெயராக இருக்கட்டும் என்பதே வேண்டுகோள். ஊருக்கு ஊர் பெயர் மாறுகின்றதே என்பார் வேறு சிலர். மாறட்டும், அத்தனையையும் எழுதுக. எறும்புதின்னியை அழுங்கு என்று ஓரூரார் சொல்வர். முள்ளம்பன்றியை எய் என்று பழநூல்கள் வழங்கும். ஒரு விலங்குக்கு மூன்று பெயர் கிடைத்தால் மூன்று ஊர்களின் அறிவு கிடைத்தது என்க. படத்தைக் கொண்டுபோய் ஊர்ப் பெரியவர்களிடம் காட்டி, 'இதற்கு இங்கே என்ன பெயர் ஐயா?' என்று கேட்கும் இளைஞன், ஒரே நடையில் விலங்கையும் எண்ணுகின்றான், சொல்லையும் மீட்கின்றான்.

அவ்வாறு கேட்கத் தகுந்தவருள் முதல்வர் இருளர். இம்மாவட்டத்தில் இருளர் குடியிருப்புகள் பல. தடம், எச்சம், வளையின் வாய், புல்லின் மடிவு ஆகியவற்றைக் கொண்டே எவ்வுயிர் எப்பொழுது சென்றது என்று கூறும் கல்வி அவர்களுடையது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுக் கழகம் நச்சுமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தந்து எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளது. 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர் அமெரிக்க நாட்டுப் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். அங்கே பெருகிப்போன மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க வழியறியாது அந்நாட்டார் திகைத்திருந்தனர். இவ்விருவரும் முதல் எட்டு நாள்களிலேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினர். 2023இல் இந்திய அரசு இருவர்க்கும் தாமரைத்திரு விருது அளித்தது. புளோரிடா தேடி வந்து கேட்ட அறிவை, விழுப்புரத்துப் பட்டதாரி பக்கத்துக் குடியிருப்பில் சென்று கேட்டதுண்டா? படப்பொறியை எவ்விடத்தில் வைப்பது என்று அறிய இருளரை வழிகாட்டியாக மட்டும் கொண்டு, பெயர்போடும் இடத்தில் அவரை விட்டுவிடுதல் திருட்டுக்கு ஒப்பானது. அறிக்கையில் அவர் பெயரும் இருக்க வேண்டும். ஊதியமும் அவர் கைக்குச் சேர வேண்டும்.

இனி, இக்கருவியால் விளையும் தீங்கையும் மறைக்காமல் கூறுதல் கடன். வடக்கே கார்பெட்டுப் புலிகள் காப்பகத்தையொட்டிய ஊர்களில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 14 திங்கள் தங்கி, 270 பேரிடம் உசாவி, 2024 நவம்பரில் ஆய்வொன்றை வெளியிட்டார். விறகும் புல்லும் சேர்க்கக் காட்டுக்குள் செல்லும் பெண்கள், விலங்கு விலகிச் செல்லும்பொருட்டு உரக்கப் பேசியும் பாடியும் நடப்பது அங்கே வழக்கம். மரந்தோறும் படப்பொறி தொங்கத் தொடங்கியபின், யாரோ பார்க்கின்றனர் என்னும் அச்சத்தால் அவர்கள் குரலடக்கி நடந்தனர், பாட்டை நிறுத்தினர். மறைவிடத்தில் ஒதுங்கிய பெண்ணொருத்தியின் படம் கைப்பேசி வழியே ஊரெங்கும் பரப்பப்பட்ட கொடுமையும் நடந்தது. சினந்த ஊரார் கண்ணிற்பட்ட படப்பொறிகளையெல்லாம் உடைத்தெறிந்தனர். விலங்கைக் காக்க வந்த கருவி பெண்ணின் பாட்டை அடைத்ததென்றால் அக்காவல் யார்க்கு?

ஏரிக்கரையும் புறம்போக்கும் ஊர்ப்பொது. அங்கே ஆடு மேய்ப்பாரும் விறகு பொறுக்குவாரும் ஒதுங்குவாரும் ஏழையரே. ஆகவே தொண்டர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் சில உண்டு. காப்புக்காட்டிலும் புகலிடத்திலும் துறையின் எழுத்து இசைவின்றி அடி வைத்தல் கூடாது. பிற இடங்களில் ஊரவையிலும், சிறப்பாகப் பெண்களிடத்திலும், கேட்டறிந்தே பொறியை வைத்தல் வேண்டும். நீராடு துறை, ஒதுங்கிடம், ஒற்றையடிப் பாதை ஆகியவற்றை நோக்கி வைத்தலாகாது. இங்கே படப்பொறி உள்ளது என்று யாவரும் படிக்கத் தமிழிற் பலகை எழுதி வைத்தல் வேண்டும். ஆள் விழுந்த படத்தைப் பார்த்த அப்பொழுதே அழித்தல் வேண்டும். எறும்புதின்னி, தேவாங்கு போன்ற, கள்ளச்சந்தையில் விலைபோகும் உயிர்கள் கிடைத்த இடத்தை வெளியிடலாகாது. படத்தைக் காட்டிப் புகழ் தேடுவான் ஒருவன் வேடனுக்கு வழிகாட்டியாகிவிடுவான்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத் தக்கது. பத்துப் படத்தில் நரி விழுந்தால் பத்து நரி என்று பொருளன்று. ஒரே நரி பத்துமுறை நடந்திருக்கலாம். புலிக்கு வரியுண்டு, நரிக்கு அத்தகைய அடையாளம் இல்லை. எந்த இடத்தில், எந்தப் பொழுதில், எந்தப் பருவத்தில் எவ்வுயிர் நடமாடுகின்றது என்பதையே இப்படங்கள் உறுதியாகக் கூறும். அதுவே பெரும்பயன். ஒரு குன்றை உடைத்துக் கல்லாக்கவோ, ஓர் ஏரிக்கரையை வளைத்து மனைப்பிரிவாக்கவோ முனைவார், இங்கே எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுக்கும் நாள் வரும். அன்று நாளும் மணியும் இட்ட படங்களை எடுத்து வைத்து, இங்கே இன்னின்ன உயிர்கள் வாழ்கின்றன என்று சொல்ல ஊரார் கையிற் சான்று வேண்டும்.

செஞ்சிக்கோட்டை 2025இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. மராட்டியர் படைநிலங்கள் என்னும் தொகுப்பின் கீழ்தான் ஏற்கப்பட்டது. அக்குன்றின்மேல் முதற்கோட்டை கட்டியவன் ஆனந்தக் கோன் என்னும் தமிழ் மரபுச் செய்தி அந்தத் தலைப்பில் இல்லை. எவன் எழுதி வைத்தானோ அவன் இட்ட பெயரே நிலைக்கின்றது. கல்லுக்கு நேர்ந்தது நாளை உயிருக்கும் நேரும். ஆதலின் எழுதும் பொறுப்பைத் தமிழர் பிறர் கையில் விடலாகாது.

தாய்த்தமிழ்ப் பள்ளி ஒன்றை எழுப்பிக் காட்டிய ஊர் திண்டிவனம். தமிழில் எல்லாம் கற்பிக்க இயலும் என்று நம்பிய ஊர் அது. அவ்வூர்ப் பள்ளிகளும் விழுப்புரத்துத் தமிழ் மன்றங்களும் ஆளுக்கொரு படப்பொறியும் தமிழ்ப் பதிவேடு ஒன்றும் கொண்டு தொடங்கட்டும். முதற்பக்கத்தில் நாள், இடம், பொழுது, ஊரார் சொன்ன பெயர், சொன்னவர் பெயர் என்னும் ஐந்து பத்திகள் போதும். தமிழாசிரியர் வெருகைக் காட்டட்டும். அறிவியலாசிரியர் அதன் வாழ்க்கையை விளக்கட்டும். இருளர் முதியவர் அதன் தடத்தைச் சொல்லட்டும். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் அப்பதிவேடு ஒரு மாவட்டத்தின் உயிர்க்கணக்காகவும் சொற்களஞ்சியமாகவும் நிற்கும்.

புளியங்காடு பெயரிழந்தபோது அதனை எழுதி வைப்பார் இல்லை. இன்றிரவு கழுவெளிக் கரையில் நடக்கப்போகும் நரியையேனும் நரி என்று எழுதி வைக்கத் தமிழன் ஒருவன் விழித்திருக்கட்டும்.